மாறும் நூலின் இலக்கணம்

நூல்களை மாற்றத்தின் நோக்கில் மூவகையாகப் பிரிக்கலாம். எழுதிய நாள் முதல் மாறாமல் நிற்பவை முதல் வகை. ஆண்டுக்கு ஒருமுறை முழுமையும் மாறுபவை இரண்டாம் வகை. இன்று ஓரிடத்திலும் நாளை வேறோரிடத்திலுமாகச் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே இருப்பவை மூன்றாம் வகை.

சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையில் தமிழ்நூல் விற்கும் கடையொன்றுக்குச் செல்வோர், முதலிரண்டு வகைகளையும் ஒரே அலமாரியில் காணலாம். திருக்குறள் முதல் வகை. அதில் எவரும் ஒரு குறளைச் சேர்ப்பதும் இல்லை, நீக்குவதும் இல்லை. பஞ்சாங்கம் இரண்டாம் வகை. புத்தாண்டு பிறந்ததும் பழையதை ஒதுக்கிவிட்டுப் புதியதை வாங்குகிறோம். பழைய பஞ்சாங்கத்தில் நான்கு தாளைக் கிழித்துவிட்டு, புதிய தாள் நான்கை ஒட்டிப் பயன்படுத்துவார் யாரும் இலர்.

மூன்றாம் வகை நூலைக் காண, அதே நகரத்தின் கிழக்கெல்லைக்குச் செல்லவேண்டும். சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய பெரிய பணிமனைகளில் ஆகாய விமானங்கள் இரவும் பகலும் பழுது பார்க்கப்படுகின்றன. அங்குள்ள பொறிவல்லார் எத்துணை அனுபவம் உடையவராயினும், நினைவை நம்பித் திருகாணி ஒன்றையும் முடுக்குதல் கூடாது. கையேட்டில் உள்ளபடியே செய்தல் வேண்டும் என்பது விதி. அக்கையேடோ பல்லாயிரம் பக்கம் கொண்டது. விமானத்தை ஆக்கியோர் புதிய குறை ஒன்றைக் கண்டறிந்தாலும், ஒரு குழாயின் வடிவத்தை மாற்றினாலும், கையேட்டின் சில பக்கங்கள் பழையனவாகிவிடுகின்றன. ஆண்டு முடியும் வரை காத்திருக்கவும் இயலாது. நான்கு பக்கத்துக்காகப் பல்லாயிரம் பக்கங்களை மீண்டும் அச்சிடவும் இயலாது.

இத்தகைய நூலை எவ்வாறு அமைத்தால், ஒரு பகுதி மாறும்போது ஏனைய பகுதிகள் குலையாமல் நிற்கும்? இவ்வினாவுக்கு விமானத் தொழிலும் சட்டத்துறையும் கண்ட விடை, நூலமைப்பைப் பற்றித் தமிழ் இலக்கணிகள் சிந்தித்தவற்றோடு பல இடங்களில் ஒத்துச் செல்கிறது. ஆதலின் அவ்விடையைத் தமிழாசிரியர்களும் அறிந்துகொள்ளுதல் தகும்.

பக்க எண் என்னும் தளை

அச்சிட்டுத் தைத்த நூலில் பக்கங்கள் ஒன்று முதல் இறுதி வரை தொடர் எண் பெறுகின்றன. நாற்பதாம் பக்கத்துக்குப் பின் இரண்டு பக்கங்களைப் புதிதாகச் சேர்க்க நேர்ந்தால், அதன்பின் வரும் பக்கங்கள் யாவும் எண் மாறும். பொருளடக்கம் பிழையாகும். ‘இருநூறாம் பக்கம் காண்க’ என்று எழுதிய குறிப்புகள் எல்லாம் வேறு எதையோ சுட்டும். ஓரிடத்தில் செய்த சிறு திருத்தம் நூல் முழுவதையும் அசைத்துவிடுகிறது.

திருக்குறளின் எண்முறையை இங்கே ஒப்பு நோக்கலாம். கல்வி என்னும் அதிகாரம் நாற்பதாவது. அதன் குறட்பாக்கள் 391 முதல் 400 வரை எண் பெறுகின்றன. எந்தப் பதிப்பகம் வெளியிட்டாலும், எந்த அளவுத் தாளில் அச்சிட்டாலும் இவ்வெண் மாறுவதில்லை. பக்கத்தைச் சுட்டாது பொருளைச் சுட்டுவதால் அது நிலைத்த முகவரியாயிற்று. ஆயினும் 1 முதல் 1330 வரை ஓடும் தொடரெண் மாறாத நூலுக்கே பொருந்தும். நடுவில் ஒரு பாட்டு நுழையுமாயின், அதற்குப் பின்னுள்ள அனைத்தும் ஒவ்வோர் எண் தள்ளிப்போகும்.

தொல்காப்பியத்தில் இவ்விடர்ப்பாடு கண்கூடு. மூன்று அதிகாரம், அதிகாரத்துக்கு ஒன்பது இயல், ஆக இருபத்தேழு இயல் என்ற பகுப்பு எல்லாப் பதிப்பிலும் ஒன்றே. ஆனால் நூற்பாக்களை ஓர் உரையாசிரியர் இரண்டாகப் பிரித்த இடத்தில் மற்றொருவர் ஒன்றாகக் கொண்டமையால், நூற்பாவின் தொடரெண் உரைக்கு உரை வேறுபடுகிறது. எனவே மேற்கோள் காட்டும் ஆசிரியர், இயலின் பெயரையும் உரையாசிரியர் பெயரையும் சேர்த்தே குறிப்பிட வேண்டியிருக்கிறது. பெரும்பகுப்பு அசையாமல் நின்றதால் குழப்பம் அந்தந்த இயலோடு அடங்கியது என்பது கருதத்தக்கது.

எண்ணே முகவரி

விமானத் தொழிலில் இதற்கு ஒழுங்கு கண்டவர் அமெரிக்க விமானப் போக்குவரத்துச் சங்கத்தார். அவர்கள் 1956இல் ‘ஏ.டி.ஏ. 100’ என்னும் பொதுவிதித் தொகுப்பை வெளியிட்டனர். அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி கையேட்டை அமைத்தது. ஒரு விமானத்தின் கையேட்டில் தேர்ச்சி பெற்றவர், மற்றொரு விமானத்தின் கையேட்டைத் திறந்தால் திசை தெரியாது நின்றார்.

புதிய விதியின்படி விமானத்தின் ஒவ்வோர் உறுப்புத் தொகுதிக்கும் ஓர் எண் உரிமையாக்கப்பட்டது. 24 என்றால் மின்திறன். 28 என்றால் எரிபொருள். 29 என்றால் நீரழுத்த இயக்கம். 32 என்றால் தரையிறங்கு சக்கரத் தொகுதி. 52 என்றால் கதவுகள். 72 என்றால் எஞ்சின். விமானத்தை ஆக்கியவர் எவராயினும் இவ்வெண்கள் மாறா. ஒவ்வோர் எண்ணின்கீழும் உட்பிரிவு எண்ணும், அதன்கீழ்ப் பொருள் எண்ணும் அமையும். 32 சக்கரத் தொகுதி. 32-40 அதில் சக்கரமும் பிரேக்கும். அடுத்த எண் குறித்ததோர் உறுப்பு. சிற்றூரில் வீட்டைத் தேடுவோர், ஊர், தெரு, கதவெண் என்று செல்வது போன்றது இது. ஒரு தெருவில் புதுவீடு எழும்பினால் அடுத்த தெருவின் கதவெண்கள் மாறுவதில்லை.

உறுப்பைப் பிரித்தது போலவே செயலையும் அவர்கள் பிரித்தனர். ஒவ்வொரு பொருளின்கீழும் 1ஆம் பக்கத்திலிருந்து உறுப்பின் விளக்கம், 101ஆம் பக்கத்திலிருந்து பழுதைக் கண்டறியும் முறை, 301இலிருந்து எண்ணெய் இடுதல் முதலிய அன்றாடப் பணி, 401இலிருந்து கழற்றலும் பொருத்தலும், 501இலிருந்து சரிசெய்தலும் சோதித்தலும், 601இலிருந்து ஆய்வு, 801இலிருந்து செப்பனிடல். விளக்கம் ஏழே பக்கத்தில் முடிந்தாலும், எட்டாம் பக்கம் தொடங்கி நூறு வரையுள்ள எண்கள் பயன்படுத்தப்படாமல் விடப்படும். வருங்காலத்தில் வரும் செய்திக்கு அவை இடம் ஒதுக்கி வைத்தவை.

இவ்வமைப்பின் பயன் இருவகைத்து. ஒன்று, திருத்தம் அந்தந்தக் கூற்றோடு அடங்கும். மற்றொன்று, படிப்போர் தேடும் நேரம் குறையும். 28 எரிபொருள் என்றும் 401 கழற்றல் என்றும் அறிந்த தொழிலாளி, தான் முன்பின் கண்டிராத விமானத்தின் கையேட்டிலும் வேண்டிய இடத்தை விரைவில் அடைகிறார். 1956இல் எவரும் எண்ணிப் பாராத கணிப்பொறித் தகவல் முறைமைகள் பிற்காலத்தில் விமானத்தில் இடம்பெற்றபோது, 46 என்னும் எண் அவற்றுக்கு வழங்கப்பட்டது. பழைய எண்களில் ஒன்றும் இடம்பெயரவில்லை.

ஒரு செய்திக்கு ஓரிடம்

கூறுகளாகப் பிரித்தால் மட்டும் போதாது. ஒரே செய்தி பல கூறுகளில் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டிருக்குமானால், திருத்தம் வரும்போது ஒன்பது இடங்களில் திருத்திப் பத்தாவது இடத்தை மறந்துவிடுவர். பின்னர் ஒரே நூல் இரண்டு வாய் பேசும். எது மெய் என்று படிப்பவர் அறியார்.

இதற்கு மருந்து, ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் கூறி, தேவைப்படும் ஏனைய இடங்களில் அதனைச் சுட்டிவிடுதல். தமிழ் இலக்கணத்துக்கு இது புதியதன்று. உயிர்மயங்கியலில் அகர ஈற்றுக்குரிய புணர்ச்சி விதியை விரித்துக் கூறிய தொல்காப்பியர், ஆகார ஈற்றுக்கு வரும்போது அதனை மீண்டும் விரிக்கவில்லை. முன்னதன் இயல்பே இதற்கும் என்று ஒரே வரியில் மாட்டிவிடுகிறார். உரையாசிரியர்கள் இதனை ‘மாட்டேறு’ என்று வழங்குவர். சொற்சுருக்கத்துக்காகக் கொண்ட உத்தியாயினும், திருத்துவோர்க்கும் இதைவிட நல்ல துணை இல்லை. முதல் விதியைத் திருத்தினால், அதனோடு மாட்டப்பட்ட யாவும் தாமே திருந்திவிடும்.

எனினும் மாட்டேற்றுக்கு ஓர் எல்லை உண்டு. பறக்கும் விமானத்தில் எஞ்சின் தீப்பற்றினால், ‘இது குறித்து மற்றோர் அதிகாரம் காண்க’ என்று விமானியை அனுப்ப முடியுமா? ஆகவே இடர்க்காலச் செயல்களுக்கு மட்டும் தனிச் சிறு கையேடு வைத்திருக்கின்றனர். அதில் ஒவ்வொரு செயலும் வேறெதையும் தேடத் தேவையில்லாதபடி முதலிலிருந்து முடிவு வரை எழுதப்பட்டிருக்கும். திருத்துவோரின் வசதிக்காக ஒருமுறை கூறலும், படிப்போரின் உயிருக்காகத் திரும்பக் கூறலும் வேண்டப்படுகின்றன. திரும்பக் கூறும் இடங்களுக்குப் பட்டியல் வைத்துக்கொள்வதே இவ்விரண்டையும் இணைக்கும் வழி.

இடைச்செருகலும் அதற்குக் காவலும்

தாளைத் தனித்தனியே எடுக்கவும் கோக்கவும் இயன்ற நூல், திருத்துவதற்கு எளிது. ஆனால் அவ்வெளிமையே அதன் ஆபத்தும் ஆகும். தமிழர் இதனை நன்கு அறிவர். பனையோலைச் சுவடி தைத்த நூல் அன்று. துளையிட்டு நூற்கயிறு கோத்த ஏடுகளின் தொகுதி. கயிறு அறுந்தால் ஏடுகள் இடம் மாறின; சில காணாமற் போயின; எழுதுவோர் தம் பாட்டையும் நடுவே சேர்த்தனர். பழந்தமிழ்ச் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோர், ஒரே நூலின் சுவடிகள் பலவற்றை ஒப்பு நோக்கி, எது மூலம், எது பின்னர் வந்தது என்று தெளிய எடுத்த உழைப்பு சிறிதன்று. கம்பராமாயணத்தில் பிற்காலத்தார் சேர்த்தன என்று கருதப்பட்ட பாடல்களை ‘மிகைப் பாடல்கள்’ என்று பிரித்து அச்சிட வேண்டியதாயிற்று. ஏடுகள் பிரிந்திருந்தமை தவறன்று. இன்ன இன்ன ஏடு இந்நூலுக்கு உரியது என்று கூறும் சான்று சுவடியோடு இல்லாமையே தவறாயிற்று.

விமானக் கையேட்டில் அச்சான்று உண்டு. ஒவ்வோர் அதிகாரத்தின் தொடக்கத்திலும் ‘நடப்பில் உள்ள பக்கங்களின் பட்டியல்’ ஒன்று வைக்கப்படும். எந்தப் பக்கம், எந்தத் தேதியில் வெளிவந்தது என்பது அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். பக்கத்தின் அடியிலும் அதே தேதி அச்சிடப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்தால் அந்த ஏடு உண்மை. ஒவ்வாவிடில் ஒன்று பழையது, அல்லது உரிமையில்லாதது.

தாள் வடிவில் கையேடு வழங்கிய காலத்தில், திருத்தம் வருவதற்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. புதிய தாள்களோடு கடிதம் ஒன்று வரும். நீக்கவேண்டிய பக்கங்கள் ஒரு வரிசையிலும், சேர்க்கவேண்டியவை மற்றொரு வரிசையிலும் அதில் காட்டப்பட்டிருக்கும். மாற்றம் நிகழ்ந்த வரிகளுக்கு அருகே ஓரத்தில் நெடுங்கோடு இடப்பட்டிருக்கும். ஆதலின் படிப்பவர் பக்கம் முழுவதையும் ஒப்பிடவேண்டியதில்லை. திருத்தத்தைச் சேர்த்தவர், முகப்பில் உள்ள பதிவேட்டில் திருத்த எண்ணையும் நாளையும் எழுதிக் கையொப்பமிடுவார். காத்திருக்க முடியாத அவசரச் செய்தி, மஞ்சள் நிறத் தாளில் தற்காலிகத் திருத்தமாக வந்து, உரிய பக்கத்தின் எதிரே அமரும். அடுத்த முறையான திருத்தத்தில் அது உள்ளடங்கிய பின் எடுத்தெறியப்படும். ஒன்றும் அச்சிடாத பக்கத்தில்கூட, ‘இப்பக்கம் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டது’ என்று எழுதுவர். வெறுமை குறையால் வந்ததன்று என்று உணர்த்துதற்கே இவ்வரி.

சேர்த்தலைப் போலவே நீக்கலும் ஒரு கடமை என்பதை இம்முறை வற்புறுத்துகிறது. புதிய தாளைச் சேர்ப்பதில் எவரும் சோம்புவதில்லை. பழைய தாளை எடுக்க மறப்பதே மனித இயல்பு. இரண்டும் அருகருகே இருக்கும் கையேடு, திருத்தப்படாத கையேட்டினும் தீது.

சட்டநூல் கண்ட மாற்றம்

சிங்கப்பூரின் சட்டத்தொகுப்பும் இதே வழியில் வந்தது. குடியேற்ற நாட்டுக் காலத்திலும் பின்னரும் சட்டங்கள் அவ்வப்போது முழுத் தொகுதிகளாகத் திருத்திப் பதிப்பிக்கப்பட்டன. 1936, 1955, 1970 ஆகிய ஆண்டுகளின் பதிப்புகள் அவ்வாறு வந்தவை. இரண்டு பதிப்புக்கு இடையில் சட்டமன்றம் திருத்தம் இயற்றிக்கொண்டே இருக்கும். வழக்கறிஞர் தம் நூலில் கையால் திருத்தி எழுதுவதும் துண்டுகளை ஒட்டுவதும் தவிர்க்க முடியாதனவாயின.

1985ஆம் ஆண்டுப் பதிப்பு இந்நிலையை மாற்றிற்று. 1987 மார்ச்சு 30ஆம் நாள் நடப்புக்கு வந்த அப்பதிப்பு, தைக்கப்படாத தனித்தாள் நூலாக அமைந்தது. ஒவ்வொரு சட்டமும் ஒரு தனிக் கூறு. அதற்கு ஓர் அதிகார எண். அதன்பின் நாட்டின் சட்டங்கள் அனைத்தையும் ஒருசேரப் பதிப்பிக்கக் காத்திராமல், மிகுதியாக மாறிய சட்டத்தை மட்டும் எடுத்துத் திருத்திப் பதிப்பிக்க முடிந்தது. குற்றவியல் தொகுப்புச் சட்டம் 224ஆம் அதிகாரம். அது 2008இல் தனியே திருத்திய பதிப்புக் கண்டது. அருகிலுள்ள சட்டங்கள் தத்தம் பழைய ஆண்டோடு நின்றன.

எண் வைப்பில் எழுந்த சிக்கலும் நோக்கத்தக்கது. 1985 பதிப்பில் சட்டங்கள் ஆங்கில அகர வரிசையில் அடுக்கி எண் பெற்றன. இடையில் வெற்றெண் விடப்படவில்லை. எனவே புதுச்சட்டம் பிறந்தபோது எண்ணோடு எழுத்தைச் சேர்க்க வேண்டியதாயிற்று. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006இல் நடப்புக்கு வந்தபோது 354ஏ என்னும் எண்ணைப் பெற்றது இவ்வாறே. 354ஐயும் 355ஐயும் அசைக்காமல் புதியவருக்கு நடுவில் ஓர் இருக்கை போட்டது போன்ற ஏற்பாடு இது.

2021 டிசம்பர் 31ஆம் நாள் நடப்புக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பில் அதிகார எண்கள் கைவிடப்பட்டன. சட்டத்தின் பெயரும் அது இயற்றப்பட்ட ஆண்டுமே இப்பொழுது முகவரி. அரசு மின்வலையில் வெளியிடும் சட்டத்தொகுப்பில் இன்றைய வடிவத்தை மட்டுமன்றி, கடந்த ஒரு நாளில் அச்சட்டம் எவ்வடிவில் இருந்தது என்பதையும் காணலாம். வழக்கு எழுந்தால், செயல் நிகழ்ந்த நாளில் சட்டம் என்ன கூறிற்று என்பதே வினாவாகும். ஆதலின் பழைய ஏட்டைப் பயன்பாட்டிலிருந்து நீக்கவேண்டும், ஆனால் அழித்துவிடலாகாது. தேதியிட்டுக் காப்பகத்தில் வைத்தல் வேண்டும்.

எந்த விமானத்துக்கு எந்த ஏடு?

கூறுகளாகப் பிரித்து, எண்ணிட்டு, தேதியிட்ட பின்னும் ஒரு வினா எஞ்சுகிறது. ஒரே வகை விமானங்களுள் சிலவற்றில் பழைய உறுப்பும் சிலவற்றில் புதிய உறுப்பும் இருக்கும். இருவகைக்கும் செய்முறை வேறு. இந்த ஏடு இந்த விமானத்துக்குப் பொருந்துமா என்று ஒவ்வோர் ஏடும் தானே கூறல் வேண்டும்.

கூறாவிடில் அல்லது கூறியதைப் பார்க்க இயலாவிடில் என்ன நேரும் என்பதை 2001ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று காட்டிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், கனடாவின் டொரன்டோவிலிருந்து லிஸ்பன் நோக்கி 306 பேருடன் சென்ற ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏர்பஸ் 330 விமானம், அட்லாண்டிக் கடலின்மேல் எரிபொருள் முழுவதையும் இழந்தது. இரண்டு எஞ்சினும் நின்றன. விமானம் ஏறத்தாழ இருபது நிமிட நேரம் காற்றில் சறுக்கி, அசோர்ஸ் தீவுகளில் உள்ள லாஜெஸ் தளத்தில் இறங்கிற்று. உயிர்ச்சேதம் இல்லை.

போர்ச்சுகல் நாட்டு விசாரணையாளர் காரணத்தை ஆராய்ந்தனர். சில நாள் முன்பு வலப்புற எஞ்சின் மாற்றப்பட்டிருந்தது. பொருத்தப்பட்ட எஞ்சின் பழைய அமைப்பு உடையது. கழற்றப்பட்டதோ புதிய அமைப்பினது. ஓர் அமைப்புக்கு உரிய குழாயும் மற்றோர் அமைப்புக்கு உரிய குழாயும் அருகருகே பொருத்தப்பட்டு, இடைவெளி போதாமல் ஒன்றோடொன்று உராய்ந்தன. எரிபொருட் குழாய் உடைந்தது. இவ்வேறுபாட்டை விளக்கும் அறிவிக்கை எழுதப்பட்டே இருந்தது. பணியிலிருந்த தலைமைப் பொறிவல்லார் அதனைக் கணிப்பொறியில் திறக்க முயன்றும், இணைப்புக் கோளாற்றால் காண முடியவில்லை. விமானத்தில் கசிவைக் கையாண்ட முறையிலும் தவறு இருந்தது என்று அறிக்கை கூறிற்று. ஆயினும் தொடக்கம் பணிமனையிலேயே ஆயிற்று. ஏடு உலகில் எங்கோ இருந்தது. வேண்டிய கையில், வேண்டிய வேளையில் இல்லை.

இக்காலத்தில் தாள்கட்டுகள் பெரும்பாலும் மறைந்து, கையேடு திரையில் படிக்கப்படுகிறது. ஐரோப்பிய விமான ஆக்கத்தார் 1989இல் முதன்முதல் வெளியிட்ட ‘எஸ்1000டி’ என்னும் விதித்தொகுப்பு இதற்கு ஏற்ற வகையில் அமைந்தது. அதில் நூல் என்பதே அடிப்படை அன்று, கூறுதான் அடிப்படை. ஒவ்வொரு கூறும் ஒரே பொருளைப் பற்றியது. அதற்கு என்று ஒரு குறியெண், பதிப்பெண், தேதி, எந்த விமானங்களுக்குப் பொருந்தும் என்ற குறிப்பு ஆகியன கூற்றுக்குள்ளேயே பொதிந்திருக்கும். ஒருமுறை எழுதிச் சேமித்த கூற்றைப் பல கையேடுகளில் எடுத்துக் கோக்கலாம். மூலத்தைத் திருத்தினால் மீண்டும் வெளியிடும்போது எல்லாக் கையேடுகளும் திருத்தம் பெறும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் ஆகிய நிறுவனங்கள் இயக்கும் போயிங் 787 விமானத்தின் பராமரிப்புக் கையேடு இவ்விதியைத் தழுவியது.

இதன் குறையையும் மறைக்க வேண்டுவதில்லை. துண்டு துண்டாகப் பிரித்த கையேடு, முழுமையைக் காட்டாது. சக்கரத்தைக் கழற்றும் வழியை அது கூறும். விமானம் என்பது யாது என்று கூறாது. ஆகையால் பயிற்சிக்குரிய பாடநூல் வேறு, பணிக்குரிய கையேடு வேறு. பாடநூல் தொடர்ந்து படிக்கத் தக்கதாய், ஒன்றிலிருந்து ஒன்று விளைவதாய் இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாக்க முயல்வோர் இரண்டையும் கெடுப்பர்.

தமிழில் எழுதுவோர் கொள்ளத்தக்கன

இவையெல்லாம் விமானத்துக்கும் வழக்குமன்றத்துக்கும் உரியன என்று தமிழறிஞர் ஒதுங்கிவிடுதல் பொருந்தாது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவுக்குச் செல்வோர், சிராங்கூன் சாலையிலும் ரேஸ் கோர்ஸ் சாலையிலும் திரளும் தொழிலாளர் கூட்டத்தைக் காண்பர். அவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து வந்து கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளத்திலும் உழைப்போர் பலர். உயரத்தில் வேலை செய்யும்போது இடைவார் அணியும் முறை, பாரந்தூக்கியின் கீழ் நில்லாமை, நச்சுக்காற்று நிறைந்த தொட்டிக்குள் இறங்குமுன் செய்யவேண்டிய சோதனை ஆகியவற்றை அவர்கள் அறிந்திருத்தல் உயிர்த்தேவை. கட்டுமானத் தொழிலாளர்க்கான பாதுகாப்புப் பயிற்சி தமிழிலும் நடத்தப்படுகிறது. பாதுகாப்பு அறிவிப்புகளும் விளக்க ஏடுகளும் தமிழில் வெளிவருகின்றன. தமிழ் இந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று என்பதற்கு இது நடைமுறைப் பொருள்.

மொழிபெயர்த்த ஏட்டுக்குத் தனி இடர் ஒன்று உண்டு. மூலம் ஆங்கிலத்தில் திருந்தும். தமிழ் ஏடு சுவரில் அப்படியே இருக்கும். நான்கு மொழியில் ஒட்டப்பட்ட ஓர் அறிவிப்பில் மூன்று புதியதாகவும் ஒன்று பழையதாகவும் இருக்குமானால், அந்த ஒன்றை மட்டும் படிக்கத் தெரிந்தவனே இடருக்கு ஆளாவான். இதனைத் தடுக்கும் வழி எளிது. ஒவ்வொரு தமிழ்க் கூறும் தன் மூலத்தின் எண்ணையும், எந்தத் தேதிய மூலத்திலிருந்து பெயர்க்கப்பட்டது என்பதையும் அடியில் தாங்கி நிற்றல் வேண்டும். மூலம் மாறிய அன்றே எந்தத் தமிழ் ஏடு பின்தங்கியது என்று அப்போது தெரிந்துவிடும். முழுநூலையும் மீண்டும் பெயர்க்க வேண்டுவதில்லை. அந்த ஓர் ஏட்டை மட்டும் பெயர்த்தால் போதும்.

மற்றொன்று கலைச்சொல். ஒரு கையேட்டின் பத்துக் கூறுகளைப் பத்துப் பேர் எழுதுகின்றனர் என்று கொள்வோம். வால்வு என்று ஒருவரும், அடைப்பான் என்று ஒருவரும், ஓரதர் என்று மற்றொருவரும் எழுதினால், ஒவ்வொன்றும் தனியே நல்ல தமிழாகவே இருக்கலாம். கோத்துப் படிக்கும் தொழிலாளிக்கோ அவை மூன்று வெவ்வேறு உறுப்புகளாகத் தோன்றும். செய்யுளில் ஒரே பொருளைப் பல சொல்லால் கூறுவது அழகு. கையேட்டில் அது பிழை. ஐரோப்பிய விமானத் தொழிலார் 1986இல் வெளியிட்ட எளிய ஆங்கில விதிகள், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று வரையறுத்ததும், செயல் கூறும் வாக்கியம் இருபது சொல்லுக்கு மேற்படலாகாது என்றதும் இக்காரணத்தால்தான். தமிழில் இப்பணியைச் செய்யத்தக்கவர் தமிழாசிரியரே. எந்தச் சொல் என்பதைவிட, ஒரே சொல் என்பது அங்கே முதன்மையானது. தொழிலாளர் நாவில் வால்வு என்றே வழங்குமாயின், அதனையே நூல் முழுவதும் ஆளுவது தகும்.

மூன்றாவது, பொறுப்பு. ஒவ்வொரு கூற்றுக்கும் ஓர் உரியவர் இருத்தல் வேண்டும். மாற்றம் வரும்போது திருத்துவதும், பழையதை எடுப்பதும், பட்டியலில் தேதியை மாற்றுவதும் அவர் கடமை. எல்லாருக்கும் உரியது என்று விட்ட ஏடு எவராலும் திருத்தப்படாது.

சங்கங்களின் நடைமுறை விதி, பள்ளி ஆய்வுக்கூடக் குறிப்பு, கோயில் விழாப் பணிப் பங்கீடு ஆகிய சிறு கையேடுகளுக்கும் இம்முறை பொருந்தும். ஆண்டுதோறும் புதியதாக எழுதுவதற்கு மாறாக, கூறு கூறாகப் பிரித்து, எண்ணும் தேதியும் இட்டு, முதற்பக்கத்தில் நடப்பு ஏடுகளின் பட்டியல் ஒன்றை வைத்தால் போதும். இதற்குப் பொறி எதுவும் தேவையில்லை. துளையிட்ட தாளும் ஒரு கயிறும் இருந்தாலே செய்துவிடலாம். பனையோலைக் காலத்தில் கயிறும் இருந்தது, ஏடும் இருந்தது; பட்டியல் ஒன்றே இல்லாது போயிற்று. அதனால் நேர்ந்த இழப்பை அறிந்தவர்கள், இன்று தமிழில் எழுதும் ஒவ்வொரு கையேட்டின் முகப்பிலும் அப்பட்டியலை வைக்க மறத்தலாகாது.